வெள்ளைக் காய் இன்னாசிக்கு

ஜூன் 2, 2024, ஞாயிறு

என் பெயர் கன்னியப்பன். வயது எழுபத்தெட்டு. இதை நானே எழுதுகிறேன்.

போன தை மாதம் வரை கைநாட்டு. கார்ப்பரேஷன் பள்ளியில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் ஐந்து மாதம் உட்கார்ந்தேன். டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் தேதி போட்டு எழுதுங்கள், ஒரு வரியானாலும் போதும் என்றார். ஒரு வரி யாருக்குப் போதும்? எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மேலே உள்ளதை எழுத முக்கால் மணி நேரம் ஆனது. என் மனைவி தையநாயகி எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, உயில் எழுதுறியா?" என்றாள். "ஆமா, உன்னை யாருக்கு எழுதி வைக்கலாம்னு பாக்கறேன்" என்றேன். கரண்டியோடு வந்தாள். கை வலித்தாலும் சந்தோஷம்தான்.

ஜூன் 3, திங்கள்

எங்கள் தெருக் கோடியில் கேரம் கிளப் இருக்கிறது. சாயங்காலம் பையன்கள் ஆடுவார்கள். காலையில் பலகை சும்மா கிடக்கும். ஞாயிறும் புதனும் காலையில் நாங்கள் பெரியவர்கள் அங்கே குத்துச்சண்டை நடத்துகிறோம்.

கையால் அல்ல, வாயால். ராயபுரத்தில் ஒரு காலத்தில் மேடையேறிய ஹெவிவெயிட்டுகளில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கொருவர் மோதாதவர்களாக இருக்க வேண்டும். ஒருவருக்கு வெள்ளைக் காய், மற்றவருக்குக் கறுப்பு. ஒவ்வொரு ரவுண்டும் எப்படிப் போயிருக்கும் என்று பேசுவோம். முடிவானதும் அந்த ரவுண்டை ஜெயித்தவரின் காயைப் பலகையின் நடுவில் வைப்போம். பத்து ரவுண்டு. சிவப்புக் காயை வைத்தால் நாக்அவுட்.

வரதய்யா சார் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மேடை ஏறியதே இல்லை. ஆனால் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். மஸ்தான் பாய் முன்பு ஆட்டோ ஓட்டினவர். யார் பக்கமும் சேர மாட்டார், இரண்டு பக்கத்தையும் கிண்டல் செய்வார். மேடை ஏறி அடி வாங்கினவன் இங்கே நான் ஒருவன்தான். என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

ஜூன் 5, புதன்

இன்று மூங்கில் முனிரத்தினத்துக்கும் சார்லி டிக்ரூசுக்கும் சண்டை. முனிரத்தினம் செத்த வருஷம்தான் சார்லி பிறந்தான். அது பரவாயில்லை. முனிரத்தினத்தின் இடது கையை நான்காம் ரவுண்டுக்கு மேல் யாரும் தாங்க முடியாது என்று நான் சொன்னேன்.

"நீ பார்த்தியா?" என்றார் வரதய்யா சார்.

"எங்கப்பா பார்த்தாரு."

"அப்பா பார்த்தது செல்லாதுய்யா. நீ போட்ட சட்டம்தானே?"

உண்மைதான். போன வருஷம் சார் வாய்க்கு வந்ததெல்லாம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அதனால் நான்தான் சட்டம் போட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். அதைப் பார்த்த இன்னொரு ஆளும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பேச்சு செல்லாது. இப்போது அந்தச் சட்டம் என் கழுத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சார்லி எட்டு காய், முனிரத்தினம் இரண்டு. அநியாயம்.

ஜூன் 6, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. எழுத மனம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

தடைக்காலம், பெரிய படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டில் மீனே இல்லை. கட்டுமரத்தில் வந்த கொஞ்சம் நெத்திலிக்காக ஒரு மணி நேரம் நின்றேன். வாங்கிப் போய், ஒரு காலத்தில் என்னோடு குத்துச்சண்டை பழகிய இன்னாசி அண்ணன் வீட்டில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு மீன் கொடுப்பது என் வழக்கம்.

"நம்ம வீட்டுக்கு இல்லாத மீனு அந்த வூட்டுக்கு மட்டும் எப்படியா கெடைக்குது?" என்று தையநாயகி கேட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறாள். அண்ணனுக்கு நெத்திலி பிடிக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

கிளப்புக்குப் புது வெள்ளை அடித்திருக்கிறார்கள். நுழைந்ததும் தெரியும் சுவரில் பழைய குத்துச்சண்டை வீரர் ஒருவரின் படத்தைப் பெரிதாக மாட்டப் போகிறார்களாம். கிளப்புக்குத் தலைவராக இருக்கும் பையன் வந்து, "பெருசுங்களா, யாரு படம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. இருவத்தி மூணாந்தேதி மாட்டறோம். ஒரே படம்தான், சண்டை போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். சண்டை போடாதே என்று எங்களிடம் சொல்கிறான்.

இரண்டு பெயர்தான் உண்டு. ஒருவர் கிரேன் இன்னாசி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், நான் அவர் குத்துச்சண்டைக் கிளப் ஆள். மற்றவர் உப்பு துளசிங்கம். உப்பு மண்டியில் மூட்டை தூக்கியவர், செத்து நாற்பது வருஷம் ஆகிறது. இருவரும் அறுபத்தேழாம் வருஷம் காணும் பொங்கலன்று மோத இருந்தார்கள். டிக்கெட் எல்லாம் விற்றுவிட்டது. மூன்று நாள் முன்னால் அண்ணனுக்குக் கை எலும்பு உடைந்தது. சண்டை நடக்கவில்லை. மைதானத்தில் நாற்காலிகளைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகு அண்ணன் மேடை ஏறவே இல்லை.

நான் வெள்ளைக் காயை எடுத்து, "வெள்ளை இன்னாசிக்கு. மொத ரவுண்டு" என்று ஆரம்பித்தேன்.

வரதய்யா சார் பலகை மேல் கையை வைத்து மறைத்தார். "எதுக்குய்யா ரவுண்டு? மேடைக்கு வராதவன் தோத்தவன். இது வாக்ஓவர்."

"கை ஒடைஞ்சுது சார்."

"ஒடைஞ்சுதா, ஒடைச்சிக்கினாரா? துளசிங்கத்தைப் பார்த்துப் பயந்துட்டாருன்னு அப்பவே ஊரே பேசுச்சு."

"அண்ணன் பயப்படற ஆளே இல்ல!"

"பயப்படறதுன்னா இன்னான்னு உனக்குத்தான் தெரியும். துளசிங்கத்துகிட்ட மூணாவது ரவுண்டுல பாய் விரிச்சுப் படுத்த ஆளாச்சே நீ."

மஸ்தான் பாய் சிரித்துவிட்டார். "தலகாணி வெச்சானா இல்லியா, அதைச் சொல்லுப்பா" என்றார்.

ஆமாம், அறுபத்தாறில் நான் துளசிங்கத்திடம் தோற்றேன். மூன்றாம் ரவுண்டுதான். இன்னொரு தடவை மேடை கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும். அது இப்போது எதற்கு?

அண்ணனுக்கு எண்பத்து மூன்று வயது. உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் காய்களைக் கொட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு முடிவாம்.

ஜூன் 10, திங்கள்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். மஸ்தான் பாயின் வாய் சும்மா இருக்காது. படம் மாட்டும் விஷயத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கிறார். அண்ணன் மகள் செல்வமேரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, அப்பா படத்தை கிளப்புல மாட்டப் போறாங்களாமே! வெள்ளச் சட்டைக்கு நேத்தே கஞ்சி போடச் சொன்னாரு. காலைலேந்து ரெண்டு தடவ ஷேவ் பண்ணிக்கினாரு."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பழைய போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையின் இரண்டு விரல் மடங்காது. துணியைக் கட்டை விரலால் அழுத்தித் துடைத்தார். "இதுல மீச கம்மியா இருக்குதுடா. வேற போட்டோ கீதான்னு பாரு" என்றார். நான் டீ கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

கிளப்புக்குப் போகவில்லை. என் பேன்ட்டின் இடுப்பு தளர்ந்துவிட்டது, தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் டேப்பை இடுப்பில் சுற்றியபோது ஒன்று ஞாபகம் வந்தது. எனக்கென்று கடைசியாக அளவெடுத்துத் தைத்தது நீல சாட்டின் அரை டிராயர்தான். மேடையில் போட, அறுபத்தேழு பொங்கலுக்கு முந்தின வாரம். அதைப் போடவே இல்லை.

ஏன் அந்த வாரம் தைத்தேன் என்று யாரும் கேட்டதில்லை. பென்சில் முனை மழுங்கிவிட்டது. போதும்.

ஜூன் 13, வியாழன்

பென்சிலைச் சீவினேன். எழுதவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றோடு தடைக்காலம் முடிகிறது. ஆனால் இன்றைக்கும் பெரிய மீன் இல்லை. கானாங்கெளுத்தி கிடைத்தது. மேரியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினேன். அண்ணன் உள்ளேயிருந்து, "எவன்டா அது, கொரியர் மாதிரி வாசலோட போறவன்?" என்று கத்தினார்.

ஜூன் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

வரதய்யா சார் வந்ததும் கறுப்புக் காய் எல்லாவற்றையும் நடுவில் அடுக்கி வைத்துவிட்டார். பேச்சே இல்லையாம். துளசிங்கம் படத்துக்கு பிரேம் போடக் கொடுத்துவிடலாமாம்.

"சார், அண்ணன் கையை ஒடைச்சது நான்" என்றேன்.

நான் நின்றபடியே சொன்னேன். அண்ணனுக்குப் பயிற்சியில் எதிரே நிற்பவன் நான்தான். மூன்று வருஷம் நின்றேன். எங்கள் ஆல்பர்ட் வாத்தியார் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார். கயிற்றோரம் மாட்டிக்கொண்டால் தாடையைக் கொடுக்காதே, குனிந்து உச்சந்தலையைக் கொடு. தலைக்கு ஒன்றும் ஆகாது, அடிக்கிறவன் கை உடையும். ஆனால் அது மேடைக்கு மட்டும். சொந்தக் கிளப் ஆளிடம் பயிற்சியில் அதைச் செய்யவே கூடாது. செய்தவனுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குப் பயிற்சிக்குப் பழைய கிளவுஸ், பஞ்சு அமுங்கிப் போனது. அண்ணனின் வலது கை வந்தது. நான் விலகியிருக்கலாம். தலையைக் கொடுத்தேன்.

சொல்லி முடித்தேன். வரதய்யா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்ல கதைய்யா. சிநேகிதன்னா இப்படி இருக்கணும்" என்றார்.

"கதையில்ல சார்!"

"இன்னாசி மானத்தைக் காப்பாத்த நீ பழியை ஏத்துக்கற. எனக்குப் புரியுது. ஆனா சட்டம்? பார்த்த இன்னொரு ஆளு எங்க?"

"வாத்தியார் செத்துட்டாரு. அண்ணனும் நானும்தான்."

"அப்ப இன்னாசியே வந்து சொல்லட்டும்."

மஸ்தான் பாய் என் தோளைத் தட்டினார். "நைனா, இத்த முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாடகம் போட்டிருக்கலாம்பா."

ஐம்பத்தேழு வருஷம் வயிற்றில் வைத்திருந்ததை எடுத்து வெளியே வைத்தேன். நம்ப மாட்டேன் என்கிறார்கள்! வீட்டுக்கு வந்து செருப்பை வீசினேன். அது தையநாயகியின் தண்ணீர்க் குடத்தில் விழுந்தது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

ஜூன் 17, திங்கள்

அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். கால் வலி. போகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

மழை. போகவில்லை. பெரிய மழை இல்லை.

ஜூன் 19, புதன்

போனேன். மேரி மாவு அரைக்கப் போயிருந்தாள். அதுவும் நல்லதுதான்.

அண்ணன் போட்டோக்களைக் கட்டில் முழுக்கப் பரப்பியிருந்தார். நான் ஓரமாக ஒதுக்கி உட்கார்ந்தேன். முன்னுரை எதுவும் எனக்கு வரவில்லை.

"இன்னாசிண்ணே, அன்னிக்கு நான் வேணும்னேதான் தலையைக் குடுத்தேன்" என்றேன்.

அவர் போட்டோவைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?"

"உனக்கு முடியலன்னா வாத்தியார் என்னை ஏத்துவாருன்னு நெனச்சேன். துளசிங்கத்தோட எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்துது. டிராயர் கூடத் தெச்சி வெச்சிருந்தேன்."

"வாத்தியார் இன்னா சொன்னாரு?"

"நீயான்னு கேட்டு சிரிச்சாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. "குனி" என்றார். குனிந்தேன். மடங்காத அந்த இரண்டு விரலால் என் உச்சந்தலையைத் தடவினார். வழுக்கை மண்டை. ரொம்ப நேரம் தடவினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"போ" என்றார்.

"ஞாயித்துக்கெழம கிளப்புல வந்து சொல்லணும்ணே. நீ சொன்னாத்தான் நம்புவாங்க. இல்லன்னா உன் படத்தை…"

"போடா."

வந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

ஒன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

படகுகள் வந்துவிட்டன, மார்க்கெட் முழுக்க மீன். வவ்வால் வாங்கிப் போனேன். மேரி கதவைத் திறந்து, "அப்பா வேணாம்னு சொல்லச் சொன்னாரு சித்தப்பா. இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றாள். மீனைத் திருப்பி எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் குழம்பு வைத்தார்கள். தையநாயகி வாய் நிறையச் சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கை நோகிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் கிளப் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு படங்களும் பிரேம் போட்டு மேசையில் சாய்த்து வைத்திருந்தன. கடைசி நேரத்தில் தகராறு வரும் என்று தலைவர் பையன் இரண்டையும் தயாராக வைத்துவிட்டான். பூமாலை ஒன்றுதான்.

பத்து மணிக்கு ஆட்டோ வந்தது. மேரி கையைப் பிடிக்க, அண்ணன் இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. வரதய்யா சார் தானாகவே எழுந்து நின்றார். என்னதான் பேசினாலும் ஆளைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

வரதய்யா சார் தொண்டையைச் செருமினார். "இன்னாசி, ஒரே ஒரு கேள்வி. கன்னியப்பன் வேணும்னே தலையைக் குடுத்து உங்க கையை ஒடைச்சான்னு சொல்றான். மெய்தானா?"

"மெய்தான்."

எனக்கு மூச்சு வந்தது. மஸ்தான் பாய் வாயில் வைத்த பீடா அப்படியே நின்றது. வரதய்யா சார் தலையை ஆட்டி, அடுக்கி வைத்திருந்த கறுப்புக் காய்களைத் தள்ளினார். "சட்டம் சட்டம்தான். வாக்ஓவர் இல்ல. மொத ரவுண்டுலேந்து பேசலாம்" என்றார்.

"இரு வரதய்யா" என்றார் அண்ணன். "நான் முடிக்கல."

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவன் தலை எறங்குச்சு. நான் பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். கையை நிறுத்த எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வயசு. குத்து பாதி வழியில வரச்சே திருப்புவேன். அன்னிக்குத் திருப்பல."

"ஏன்?" என்று மேரி கேட்டாள். அவளுக்கும் இது புதுசு.

"ஒரு வாரமா சோறு எறங்கல எனக்கு. துளசிங்கம் முகம் கண்ணு முன்னாடியே நின்னுச்சு. இவன் மண்டை வந்துது. சரி, இதுல போவட்டும்னு விட்டேன். நானு மேடைக்கு வரல. அந்தக் கறுப்புக் காயைத் திரும்ப வை."

வரதய்யா சார் ஐம்பத்தேழு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது ஜெயித்துவிட்டார், முகத்தில் ஒரு துளி சந்தோஷம் இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "பார்த்தேன்னா ஏன்யா அப்பவே சொல்லல? அம்பத்தேழு வருஷம்யா! நான் செத்து செத்துப் பொழைச்சிருக்கேன்!"

"வாராவாரம் மீனு வந்துக்கினு இருந்துது. சொன்னா நீ நிறுத்திடுவேன்னு சொல்லல."

மஸ்தான் பாய்தான் முதலில் சிரித்தார். பீடா தெறித்து வரதய்யா சாரின் வேட்டியில் பட்டது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? என் குற்றம் என்று ஒன்றை நான் சுமந்தேன். ஒப்புக்கொண்ட வேகத்தில் அதில் பாதியை இவர் பிடுங்கிக்கொண்டார்.

மேசை மேலிருந்த மாலையை அண்ணனே எடுத்தார். துளசிங்கத்தின் படத்துக்குப் போட்டார். இரண்டு விரல் மடங்காததால் மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வரதய்யா சார் போய் நேராக்கினார். "இன்னாசி படத்தை எதிர்ச் சுவத்துல மாட்டலாமே, ஆணி நான் வாங்கித் தர்றேன்" என்றார் அவர். "வேணாம். வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன். மீச நல்லா வந்துகீது" என்றார் அண்ணன்.

ஆட்டோவில் திரும்பினோம். மேரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அண்ணன், மடியில் படம். எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கல்மண்டபம் சிக்னலில் அவர் கேட்டார். "டேய், நான் மேடை ஏறியிருந்தா?"

இத்தனை வருஷமும் இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன். கத்திச் சொல்லியிருக்கிறேன், காயைக் கொட்டிச் சொல்லியிருக்கிறேன். இன்று அது வாயில் வரவில்லை.

"துளசிங்கம்தான்" என்றேன். "ஏழாவது ரவுண்டு. ஒன் மூச்சு ஏழு வரைக்கும்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"ஏழா? ஆறுதான்டா."

"ஆறு எப்படிண்ணே? ஏழு வரைக்கும் நிப்பே."

"ஒடம்பு என்னுது. எனக்குத் தெரியாதா?"

"மூணு வருஷம் எதிர்ல நின்னு வாங்கினவன் நானு. ஏழு!"

"ஆறுல எனக்குத் தோள் எறங்கிடும்டா, முட்டாள்!"

"தோள் எறங்கும், காலு நிக்கும்!"

"எறங்குங்க ரெண்டு பேரும்" என்றாள் மேரி. "வூடு வந்து அஞ்சு நிமிசம் ஆவுது. ஆட்டோக்காரர் பாவம்."

இறங்கினோம். வாசலில் நின்றும் விடவில்லை. மதியச் சோறு ஆறிப்போகிறது என்று மேரி உள்ளே இழுத்துப் போகும் வரை ஆறு, ஆறு என்றே கத்தினார். என்ன பிடிவாதம் பிடித்த மனிதர். நாளைக் காலையில் முதல் வேலையாகப் போக வேண்டும்.

ஏழுதான். இதோ, எழுதிவிட்டேன்.